சாரல் நாட்களில் துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பொதிகை மலையடிவாரத்து ஊர்களில் எனக்கு உதவிய அனைவருக்கும் வணக்கம்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதித் தபாலில் சேர்ப்பதுதான் முறை. ஆனால் உங்களில் பலருடைய பெயரோ முகவரியோ என்னிடம் இல்லை. ஆச்சி, அக்கா, அண்ணாச்சி என்ற அழைப்புகளோடே நம் பேச்சு முடிந்துவிட்டது. ஆகவே பொதுவில் எழுதுகிறேன். நெல்லை, தென்காசி மாவட்டத்தார் யாரேனும் இதைப் படித்து, இன்னாரென்று அடையாளம் கண்டுகொண்டால், அவர்களிடம் என் நன்றியைச் சேர்ப்பித்துவிட வேண்டுகிறேன்.

பட்டயக் கணக்காளர் இறுதித் தேர்வை மே மாதத்தில் எழுதிவிட்டு, ஜூலையில் வரவிருந்த முடிவுக்காகச் சென்னையில் காத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே கிடந்தால் இவள் கைப்பேசியை வெறித்தே நாளைக் கழித்துவிடுவாள் என்று கண்டுகொண்ட என் தோழி, குற்றால சீசன் தொடங்கியாயிற்று, ஆச்சிக்கும் பேச்சுத்துணையாக இருக்கும் என்று சொல்லி, அம்பாசமுத்திரத்திலுள்ள தன் தாய்வழி ஆச்சியின் வீட்டுக்கு என்னை அனுப்பிவைத்தாள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எதையும் அவள் தரவில்லை. தோன்றினால் கிளம்பு, தோன்றாவிட்டால் திண்ணையில் படுத்துக்கொள் என்பதே அவள் வகுத்த பயணத்திட்டம். முதல் நன்றி அவளுக்கு.

விடுமுறைக்குப் போனவர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தாக வேண்டும் என்று ஒரு கட்டாயம் எப்படியோ நம்மிடையே ஏற்பட்டுவிட்டது. எனக்கு அது கைகூடவில்லை. காலையில் தாமிரபரணியில் முங்கிக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு பாட்டை முணுமுணுத்தபடி வருவேன். பதினொரு மணிக்கு, உடன் படித்த ஒருத்தி பெரிய தணிக்கை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த படம் வாட்ஸப் குழுவில் வந்து விழும். அதன்பின் மாலைவரை யாரோடும் பேசப் பிடிக்காது. மறுநாள் அப்படி ஒரு படமும் வராது, ஆயினும் மனம் சுணங்கியே கிடக்கும். உங்களில் ஒருவர்கூட அதை ஒரு நோயாகப் பார்க்கவில்லை, தோண்டித் துருவவும் இல்லை. நான் நன்றி சொல்ல வந்தது முதன்மையாக இதற்காகத்தான்.

நெல்லையிலிருந்து செங்கோட்டை செல்லும் பாசஞ்சர் ரயிலில் சன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்த அண்ணாச்சி அவர்களுக்கு: சேரன்மகாதேவியைத் தாண்டியதும், "இனிமேதான் பாக்கணும் பாத்துக்கோங்க" என்று எழுந்துகொண்டீர்கள். காருகுறிச்சியில் வண்டி நின்றபோது, நாகசுரக் கலைஞர் அருணாசலத்தின் ஊர் இதுதான் என்று சொல்லிவிட்டு, 1964-ல் அவர் காலமான செய்தி வந்த அன்று உங்கள் தந்தையார் சாப்பிடாமல் படுத்துவிட்டதைச் சொன்னீர்கள். அதன்பின் கல்லிடைக்குறிச்சிவரை நீங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வயலும் வாழைத்தோட்டமும் மாறிமாறி வர, அவற்றுக்குப் பின்னால் மலை மெல்ல உயர்ந்துகொண்டே வந்த அந்தப் பாதையைப் பேச்சின்றிப் பார்க்கவிட்டதற்கு நன்றி.

ஆச்சி அவர்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. வந்த அன்றே, "ரிசல்ட் என்னைக்குன்னு நான் கேக்க மாட்டேன். வந்தா நீயே ஒரு வார்த்தை சொல்லு" என்று அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். (பக்கத்து வீட்டு மாமா ஒருவர் நாள்தோறும் அதையே கேட்டார், அவரையும் மன்னித்து, அவருக்கும் ஒரு சிறு நன்றி, ஏனெனில் தினமணியை முதலில் எனக்குத்தான் கொடுத்தனுப்புவார்.) என் முகம் வாடியிருக்கும் நாட்களில் ஆச்சி அறிவுரை சொல்லவில்லை, வேலை கொடுத்தார்கள். ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயம், உரிக்க. இல்லையென்றால் அரைமூடித் தேங்காய், துருவ. தொலி உளுந்தை வறுத்து, பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அரிசியோடு குழைய வேகவைத்த உளுந்தஞ்சோற்றை, நல்லெண்ணெய் மினுங்கும் எள்ளுத் துவையலோடு என் தட்டில் வைத்துவிட்டு, நான் இரண்டாம் முறை கேட்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். கேட்டால் அன்று என் மனம் சரியாக இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஐந்தாண்டுகளாகக் கணக்கே படித்த என்னால் அதைவிடத் துல்லியமாகக் கணிக்க முடிந்திருக்காது.

பத்தமடையில் பாய் நெய்யும் அக்கா அவர்களுக்கு: அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லை செல்லும் பேருந்தில் ஏறி, எந்த நோக்கமும் இல்லாமல் இறங்கி வந்தவள் நான். பாய் வாங்குவதாக ஒரு சொல்லும் சொல்லாதவளை உள்ளே அழைத்து உட்காரவைத்தீர்கள். ஆற்றங்கரைக் கோரையை உலர்த்தி, இழையாகக் கிழித்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்ட பின்புதான் அது பட்டுப்போல் வளையும் என்பதைச் சொல்லிக்கொண்டே, நீண்ட குச்சியின் நுனியில் ஓர் இழையை மாட்டிப் பாவு நூல்களுக்கிடையே செலுத்தி, அச்சை இழுத்து நெருக்கினீர்கள். பிறகு என்னிடம் குச்சியைத் தந்தீர்கள். நான் கோத்த இழை கோணலாகவே போயிற்று; நீங்கள் அதை உருவி எடுக்காமல், அதற்குமேல் உங்கள் இழையை வைத்து இறுக்கிவிட்டு, "மணமக்க பேரு போடுற பாய் இல்ல, பரவாயில்ல" என்றீர்கள். வாரக்கணக்கில் நெய்யும் மென்பாய்களுக்கு நகரத்துக் கடைகளில் பேரம் பேசுவோரைப் பார்த்தால் இனி எனக்குக் கோபம் வரும். அன்று மாலைவரை என் கைப்பேசி பையிலேயே கிடந்தது என்பதையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

எல்லா நாட்களும் அப்படி அமையவில்லை. முடிவு அறிவிக்கப்படும் தேதி வெளியானதும் வயிறு கலங்கிவிட்டது. வீட்டில் இருக்க முடியாமல் பாபநாசம் சென்று, கோயிலுக்கு எதிரேயுள்ள படித்துறையில் உட்கார்ந்தேன். சுற்றுலா வந்த குடும்பங்கள் மீன்களுக்குப் பொரி இறைத்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. பொரி விற்றுக்கொண்டிருந்த அக்கா, நீங்கள் அதைப் பார்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அருகில் வந்து ஒரு பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு, "மீனுக்குப் போடுங்க, பசியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உங்கள் வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டீர்கள். ஒரு கைப்பிடி போட்டதும், கரிய முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று புரள, கொழுத்த மீன்கள் படிவரை முட்டிமோதி வந்தன. ஒன்று என் கால்விரலைக் கவ்விப் பார்த்தது, நான் கத்திவிட்டேன், பிறகு சிரிப்பு வந்தது. நான் எழுந்தபோது நீங்கள் பொட்டலத்துக்குக் காசு வாங்க மறுத்தீர்கள். உங்கள் பிழைப்பே அந்தப் பத்து ரூபாய்களில்தான் இருக்கிறது என்பதை நான் அறிவேன்.

குற்றாலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதன் புகழைப் பாடப் பலர் இருக்கிறார்கள். பேரருவியில் பெண்கள் பகுதியில், தலையில் நீர் இடிபோல இறங்கியதும் மூச்சுத் திணறிப் பின்வாங்கிய என் மணிக்கட்டைப் பற்றி, "குனிஞ்சுக்கோ தாயி, முதுகுல வாங்கு" என்று கற்றுக்கொடுத்த, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த பாட்டி அவர்களுக்கு நன்றி. தென்காசிக் கோயிலின் ராசகோபுர வாயிலில், ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றை அங்கே நின்று வாங்கிக்கொள்ளச் சொன்ன பூக்கார அம்மாவுக்கும் நன்றி. ஐந்தருவியில் மங்குஸ்தான் விற்ற அண்ணன், திடீரென மழை வலுத்தபோது தம் குடையையே என் கையில் திணித்து, அடுத்தமுறை வரும்போது தந்தால் போதும் என்றார். அடுத்தமுறை ஒன்று உண்டு என்று என்னைவிட உறுதியாக அவர் நம்பியதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

ஆச்சி, கேட்காமல் காத்திருந்தீர்களே, தொலைபேசியில் சொன்னதை இங்கே முறையாகவும் சொல்லிவிடுகிறேன்: தேர்வின் இரண்டு குரூப்களில், அதாவது பாடத்தொகுதிகளில், ஒன்றில் தேறிவிட்டேன், மற்றொன்றை மீண்டும் எழுத வேண்டும். முடிவைப் பார்த்த அன்று நன்றாக அழுதேன், இரவு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். புத்தகங்களைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

ஐந்தருவி அண்ணனின் குடையைத் தோழி ஆடி அமாவாசைக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறாள். கடை வரிசையில் நுழைந்ததும் இடப்பக்கம் உள்ள பழக்கடை என்று அடையாளம் சொல்லியிருக்கிறேன். குடையின் ஒரு கம்பி முன்பே வளைந்திருந்தது. அதை மாற்றித் தைத்துக் கொடுத்திருக்கிறேன் என்று அவரிடம் தெரிவிக்கவும்.

நன்றியுடன்,
அம்பாசமுத்திரம் ஆச்சி வீட்டில் தங்கியிருந்த சென்னைப் பெண்