சூளைப் பிள்ளைகளும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பங்களில், குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு வைத்தியம் சொல்வது பெரும்பாலும் ஊரிலிருக்கும் பாட்டிதான். 'பேதி நிற்கும்வரை பால், தண்ணீர் கொடுக்காதே' என்று கைப்பேசியில் அவர் சொல்லிவிட்டால் செவிலியர் பேச்சு எடுபடாது. பாட்டியையும் கைப்பேசி அழைப்பில் சேர்த்து, தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது என்று ஒடியா தெரிந்தவரை விட்டுச் சொல்ல வைக்க வேண்டும்.

அடுத்த தவறு, 1 லிட்டர் நீருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கலக்குவது. உப்பு மிஞ்சினால் இரத்தத்தில் சோடியம் ஏறி, நிலைமை மோசமாகும். கொதித்து ஆறிய நீரை 1 லிட்டர் பாட்டிலால் அளந்து, முழுப் பொட்டலத்தையும் கரைக்கட்டும். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். 2 வயதுக்குள் ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டியால். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்துத் தொடரலாம்.

துத்தநாக மாத்திரை 14 நாள் தேவை: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி. பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள்! கண் குழிவிழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனை. அன்றைய கூலியைப் பிடிக்க மாட்டோம் என்று சூளை மேஸ்திரி முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் தாய் கிளம்புவாள்.

— ஒரு கிராம சுகாதாரச் செவிலியர், திருவள்ளூர் மாவட்டம்