பசை மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த மூளை பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் மூளையில் நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களை 'நரம்பணுக்களைத் தாங்கும் பசை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே! அது 19-ஆம் நூற்றாண்டுக் கருத்து. பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் எடுப்பவள் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

மூளையின் கன அளவில் சுமார் 20 சதவீதம் செல்களுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடுக்குதான். நரம்பணு ஒவ்வொரு முறை தூண்டப்படும்போதும் கொஞ்சம் பொட்டாசியம் அயனி (மின்னேற்றம் கொண்ட அணு) அந்த இடுக்கில் வந்து விழும். அதை வாரிக்கொள்வது ஆஸ்ட்ரோசைட். வாரும்போது தண்ணீரும் கூடவே உள்ளே போவதால் அது லேசாக உப்பும், இடுக்கு சுருங்கும். சந்து குறுகினால் நெரிசல் கூடும் அல்லவா? மிச்சமிருக்கும் அயனிகளின் செறிவு ஏறி, பக்கத்து நரம்பணுக்கள் சட்டென்று தூண்டப்படும். எல்லை மீறினால் வலிப்புக்கே வழிவிடும். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் வேதிப்பொருளான குளூட்டமேட்டை அப்புறப்படுத்துவதும் பெரும்பாலும் இதே செல்தான்.

2013-இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வில், தூக்கத்தின்போது இந்த இடுக்கு ஏறக்குறைய 60 சதவீதம் விரிவதைக் கண்டார்கள். இதற்கென்றே தனிக் கட்டுரை போடலாமே?

- ஓர் ஆசிரியை, தேனி