முப்பதாம் இடத்தில் சரி, மூன்றாம் இடத்தில் தவறு

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கும் ஜூன் மாதங்களில் ஒரு பெயராவது இப்படி அடிபடும்: ஆட்டம் அபாரம், நடத்தையில் கறை. உடனே திறமையைப் பார்ப்பதா, ஆபத்தைப் பார்ப்பதா என்று இரண்டு கட்சி கட்டிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நடக்கும் விவாதமும் அதே வழியில்தான் போகிறது. எத்தனையாவது இடத்தில் எடுக்கிறோம், ஆபத்து எந்த வகை, எடுத்த பிறகு அந்த இளைஞருக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்ற மூன்றும் தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்ல முடியாது.

முதலில் இடம். ஐபிஎல் ஏலம் போல இங்கே யாரும் விலை கேட்பதில்லை. அணிகள் வரிசைப்படி தேர்வு செய்கின்றன. முதல் சுற்றில் 30 இடங்கள், ஒவ்வோர் இடத்துக்கும் சம்பள அளவு முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் 80 முதல் 120 சதவீதம் வரை கொடுக்கலாம்; பெரும்பாலும் 120 சதவீதமே கொடுக்கிறார்கள். 2024இல் முதல் இடத்தில் வந்தவருக்கு முதலாண்டுச் சம்பளம் சுமார் 1.25 கோடி டாலர். முப்பதாம் இடத்துக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டு ஆண்டுகள் உறுதி. மூன்றாம், நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பம். சிக்கல் தேதியில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் சீசன் முடிந்து வரும் அக்டோபர் 31க்குள் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வயதில் தடுமாறும் ஒருவரைப் பற்றி ஒரே ஒரு சீசனைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு, அந்த இடத்தில் எடுக்காமல் விட்ட ஆட்டக்காரர். 2008இல் மயாமி அணி இரண்டாவது இடத்தில் மைக்கேல் பீஸ்லியை எடுத்தது. கான்சாஸ் ஸ்டேட் கல்லூரியில் ஆட்டத்துக்கு 26 புள்ளி, 12 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தவர். பள்ளிகள் பல மாறியவர், முதிர்ச்சி போதாது என்ற பேச்சும் கூடவே வந்தது. புதுமுகங்களுக்காக லீக் நடத்தும் பயிற்சி முகாமிலேயே விதிமீறலுக்காக 50,000 டாலர் அபராதம் கட்டினார். இரண்டே ஆண்டுகளில், இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகள் இரண்டுக்கு ஈடாக மின்னசோட்டா அணியிடம் போய்ச் சேர்ந்தார். அதே டிராஃப்டில் நான்காவது ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஐந்தாவது கெவின் லவ்.

இந்தக் கணக்கை 1986 டிராஃப்டைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. மூன்றாவது இடத்தில் கோல்டன் ஸ்டேட் எடுத்த கிறிஸ் வாஷ்பர்ன், கல்லூரியில் ஸ்டீரியோ திருடிய வழக்கில் சிக்கியவர். மொத்தமே 72 ஆட்டங்கள்தான் ஆடினார். போதைப்பொருள் சோதனையில் மூன்றாம் முறை தோற்று 1989இல் வாழ்நாள் தடை பெற்றார். அதே நாள் 27ஆவது இடத்தில், அன்றைய கணக்கில் இரண்டாம் சுற்றில், டெட்ராய்ட் டென்னிஸ் ராட்மனை எடுத்தது. டல்லாஸ் விமான நிலையத்தில் துப்புரவுப் பணியில் இருந்தபோது கைக்கடிகாரங்களைத் திருடிப் பிடிபட்டவர் அவர். ஆனால் அது நடந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அதன்பின் ஓக்லஹோமாவில் ஒரு சிறிய கல்லூரியில் ஆடித் தன்னை நிரூபித்திருந்தார். முக்கியமாக, டெட்ராய்ட் தன் முதல் சுற்றுத் தேர்வில், 11ஆவது இடத்தில், ஜான் சாலியை ஏற்கெனவே எடுத்துவிட்டது. ராட்மன் சரிவராமல் போயிருந்தாலும் அணிக்குப் பெரிய சேதம் இல்லை. அவரோ ஐந்து சாம்பியன் பட்டங்களோடு ஓய்வு பெற்று ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார்.

அதே டிராஃப்டில் இரண்டாவதாகப் பாஸ்டன் எடுத்த லென் பயஸ், இரண்டு நாள் கழித்துக் கோகெய்னால் இறந்துபோனார். அவரைப் பிரச்சினைக்குரியவர் என்று எவரும் சொல்லியிருக்கவில்லை. கறையில்லாத ஆவணத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் நிர்வாகிகள் அவரை மறக்கக் கூடாது.

அடுத்து, ஆபத்தின் வகை. எல்லாவற்றுக்கும் 'நடத்தைச் சிக்கல்' என்ற ஒரே முத்திரையைக் குத்துவதில்தான் பெரும் தவறுகள் தொடங்குகின்றன. பதினேழு வயதில், வர்ஜீனியாவில் குண்டுருட்டி ஆடும் ஒரு பவுலிங் கூடத்தில் நடந்த கைகலப்புக்காக ஆலன் ஐவர்சனுக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சில மாதங்களில் ஆளுநர் விடுவித்தார். 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று தண்டனையையே ரத்து செய்தது. இந்தத் தீர்ப்பும், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஜான் தாம்ப்சனிடம் கழித்த இரண்டு சீசன்களும்தான் 1996இல் பிலடெல்பியா பார்த்திருக்க வேண்டிய ஆவணங்கள். முதல் இடத்தில் எடுத்தார்கள். 2001இல் அவர் எம்விபி, அதாவது சீசனின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்.

ராய்ஸ் வைட்டின் கதை வேறு. பதற்ற நோயும் விமானப் பயண அச்சமும் இருப்பதை டிராஃப்டுக்கு முன்பே வெளிப்படையாகச் சொன்னவர் அவர். 2012இல் ஹூஸ்டன் 16ஆவது இடத்தில் எடுத்தது. இன்று ஆட முடியுமா, முடியாதா என்பதை மருத்துவர் சொல்வதா, அணி சொல்வதா என்ற தகராறு எடுத்த பிறகுதான் வெடித்தது. ஹூஸ்டனுக்காக ஒரு லீக் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. நோய் ஒழுக்கக்கேடு அல்ல. ஆனால் சிகிச்சை முறை, பயண ஏற்பாடு, முடிவெடுக்கும் மருத்துவர் யார் என்பதை எழுத்தில் வைக்காமல் எடுப்பது இரு தரப்புக்கும் அநியாயம். 2019-20 சீசன் முதல் ஒவ்வோர் அணியும் ஒரு மனநல நிபுணரையாவது வைத்திருக்க வேண்டும் என்று லீக் கட்டாயமாக்கியிருக்கிறது. வைட்டுக்கு அந்த விதி ஏழு ஆண்டு தாமதமாக வந்தது.

விசாரணை எப்படி நடக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. டிராஃப்டுக்கு வருபவர்களைச் சோதிக்க மே மாதம் சிகாகோவில் கூட்டும் கம்பைன் முகாமில் நடக்கும் நேர்காணலை நம்பிப் பயனில்லை. முகவர்கள் அதற்குப் பதில்களைத் தயாரித்தே அனுப்புகிறார்கள். கல்லூரித் தலைமைப் பயிற்சியாளரும் தன் ஆட்டக்காரர் மேலே போக வேண்டும் என்று நினைப்பவர். பிசியோ, உடைகளையும் பந்துகளையும் பார்த்துக்கொள்பவர், படிப்பு ஆலோசகர், எதிரணியின் உதவிப் பயிற்சியாளர் ஆகியோரிடம் கேட்க வேண்டும். 'நல்ல பையனா?' என்றால் 'ஆமாம்' என்றுதான் வரும். 'தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வந்தார்? அணியில் யாரோடு பேசமாட்டார்? பயிற்சியாளர் வெளியே உட்காரவைத்தபோது என்ன செய்தார்?' என்று கேட்டால் விஷயம் வரும். ஒரே சம்பவத்தை ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேரிடம் கேட்டு, தேதி போட்டு வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசையில் தேட வேண்டியது ஒன்றுதான்: தண்டனை கிடைத்த பிறகு அதே தவறு மீண்டும் நடந்ததா? நடக்கவில்லை என்றால் அது சம்பவம். நடந்தது என்றால் அது பழக்கம். அதற்கு வரிசையின் உச்சியில் வரும் லாட்டரித் தேர்வைக் கொடுக்கக் கூடாது.

எடி கிரிஃபின் விஷயத்தில் ஹூஸ்டன் ஆழம் தெரியாமல் காலை விட்டது. சீட்டன் ஹால் கல்லூரியில் சக ஆட்டக்காரரோடு கைகலப்பு நடந்தது ஊரறிந்த செய்தி. 2001இல் அவருக்காக நியூஜெர்சிக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். அவற்றில் இருவர் ரிச்சர்ட் ஜெஃபர்சன், ஜேசன் காலின்ஸ். நியூஜெர்சி அடுத்த இரண்டு ஆண்டும் இறுதிப் போட்டிக்குப் போனது. கிரிஃபினை 2003 டிசம்பரில் ஹூஸ்டன் விடுவித்தது. குடியோடு போராடிய அவர் 2007இல், 25 வயதில், கார் ரயிலில் மோதி இறந்தார். இந்த இழப்பைத் தேர்வுக் கணக்கில் எழுத முடியாது. ஒருவரை எடுத்துவிட்டுத் தனியே விடுவது, எடுக்காமல் விடுவதைவிடக் கொடுமை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஒப்பந்தத்தால் எல்லாவற்றையும் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2019இல் முப்பதாவது இடத்தில் வந்த கெவின் போர்ட்டர் ஜூனியர், கல்லூரியில் இடைநீக்கம் செய்யப்பட்டவர். அந்த இடத்தில் அவரை எடுத்தது சரியான விலை. உடைமாற்றும் லாக்கர் அறையில் நடந்த தகராறுக்குப் பின் கிளீவ்லாந்து அவரை ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டது. அங்கே இருபது வயதில் ஒரே ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தார். 2022இல் கிடைத்த நான்காண்டு ஒப்பந்தம் 8.25 கோடி டாலர் வரை போகக்கூடியது. உறுதியானதோ முதலாண்டின் 1.59 கோடி அளவு மட்டுமே. 2023 செப்டம்பரில் நியூயார்க்கில் தாக்குதல் வழக்கில் கைதானார். அடுத்த மாதமே ஹூஸ்டன் அவரை ஓக்லஹோமா சிட்டிக்கு மாற்ற, அந்த அணி உடனே விடுவித்தது. அணியின் பணத்தைக் காப்பாற்ற எழுதிய ஒப்பந்தம் அது, அதைக் காப்பாற்றியது. தாக்கப்பட்டவருக்கு அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. பிறர்மீது கைவைக்கும் பழக்கத்துக்குத் தள்ளுபடி விலை என்று ஒன்று இருக்கவே கூடாது, இரண்டாம் சுற்றின் கடைசி இடத்தில்கூட.

மூன்றாவது, பக்கத்தில் இருப்பவர்கள். இதற்கு ஸாக் ராண்டால்ஃபைப் பார்க்கலாம். 2001இல் 19ஆவது இடத்தில் போர்ட்லாந்து எடுத்தது. வழக்கும் வம்புமாக இருந்த மூத்தவர்கள் நிறைந்த அணி. 'ட்ரெயில் பிளேசர்ஸ்' என்ற அணிப் பெயரை 'ஜெயில் பிளேசர்ஸ்' என்றே பத்திரிகைகள் எழுதின. பயிற்சியில் சக ஆட்டக்காரரின் கண்குழி எலும்பை உடைத்தார் அவர். அதே மனிதர் 2009இல் மெம்ஃபிஸ் போனார், சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு இரண்டு முறை தேர்வானார். அவரது சட்டையின் 50ஆம் எண்ணை அந்த அணி யாருக்கும் கொடுக்காமல் ஓய்வு கொடுத்துவிட்டது. இளைஞர் ஒருவரை எடுக்குமுன் அவருக்கு அடுத்த லாக்கர் யாருடையது என்று பார்ப்பது அதனால்தான் அவசியம்.

உங்கள் விளையாட்டுப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆட்டக்காரரைப் பற்றி எழுதும்போது 'வழக்கில் சிக்கியவர்' என்று நிறுத்திவிடாதீர்கள். கைதா, குற்றச்சாட்டுப் பதிவா, தண்டனையா, தள்ளுபடியா என்று எழுதுங்கள். எந்த ஆண்டு என்றும் போடுங்கள். புள்ளி சராசரிக்குப் பக்கத்தில் அவரை எத்தனையாவது இடத்தில் எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் அச்சிட்டால், மீதியை வாசகர்கள் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கூடைப்பந்து வாசகர் ஒருவர்