ஒரு ஜோடியா, ரெண்டு ஜோடியா

எமரால்டு,
நவம்பர் 17.

அன்பு மகள் மலருக்கு அப்பா எழுதுவது. நானும் உங்கம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதுக்குக் கடுதாசின்னு நினைப்ப. போனை எடுத்தாத்தானே. குத்தமாச் சொல்லல, வேலை இருக்கும். தீபாவளி அன்னிக்கு மூணு நிமிஷம் பேசின. உங்கம்மாவுக்கு அது ஒரு மாசத்துக்குக் காணும். எனக்குத்தான் காணல.

முதல்ல சாப்பிடு. வீடியோவுல கழுத்தெலும்பு தெரிஞ்சுது. குளிர் இறங்குறதுக்குள்ள நீ ஆராய்ச்சி பண்ற பனிநரி தின்னு தின்னு உருண்டையா ஆயிடும், தோலுக்கடியில கொழுப்பு ஏத்தி வெச்சாத்தான் இருட்டு மாசத்தைத் தாண்டும்னு நீதான் சொன்ன. மூணு நாலு கிலோ பிராணி. நம்ம பூனையைவிடக் கொஞ்சம் பெருசு. கோடையிலயே வாத்து முட்டையை ஒவ்வொண்ணாக் கவ்விட்டுப் போய் மண்ணுல புதைச்சு வெக்குமாம், குளிர்ல அது கெடாம அடுத்த வருஷம் வரைக்கும்கூடக் கிடக்குமாம். அதுக்குத் தெரிஞ்சது டாக்டர் பட்டம் வாங்கினவளுக்குத் தெரியலைன்னா எப்படி? 27ஆம் தேதியோட நார்வேயில உன் ட்ரோம்சோவுல சூரியன் போயிடும், ஜனவரி 15 வரைக்கும் தலை காட்டாது. அதுக்குள்ள உடம்பைத் தேத்திக்க. அந்த ஊர்க்காரங்களே குளிர்காலத்துல மீனெண்ணெய் குடிப்பாங்கன்னு சொன்னியே, நீயும் குடி. நாத்தம் அடிச்சா மூக்கைப் பிடிச்சுக்க. சின்னதுல விளக்கெண்ணெய் குடிச்ச பிள்ளைதான் நீ.

உங்கம்மா சாக்ஸ் பின்னி முடிச்சுட்டா. ரெண்டு ஜோடி. உனக்கு மெரூன், மாப்பிள்ளைக்குச் சாம்பல். பார்சல் பத்திக் கடைசியில எழுதுறேன்.

இங்கே உறைபனி தொடங்கியாச்சு. அவலாஞ்சி பக்கம் விடிகாலையில புல்லெல்லாம் வெள்ளையா நிக்குது, மிதிச்சா நொறுங்குது. கீழ்த்தோட்டத்துல காட்டெருமை நாலு இறங்கி முட்டைக்கோஸை மிதிச்சுட்டுப் போச்சு. தின்னிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். பெரியப்பா கண் ஆபரேஷன் முடிஞ்சு வந்துட்டார், இப்ப எல்லாம் தெரியுதுன்னு எல்லார்கிட்டயும் குறை கண்டுபிடிக்கிறார். 2024ல வரையாடு கணக்கெடுத்து 1,031னு சொன்னாங்களே, அதுக்கு முக்கூர்த்திக் காட்டுல வழி காட்ட, வனத்துறையில ரிட்டயர் ஆன என்னையும் கூப்பிட்டாங்கன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? இன்னொரு தடவை சொல்லிக்கிறேன்.

அக்டோபர்ல வன உயிரின வார விழாவுக்கு ஸ்கூல்ல பேசச் சொன்னாங்க. செந்நாயைப் பத்திப் பேசுங்கன்னாங்க. செந்நாய்க்குப் பத்து நிமிஷம், உன் நரிக்கு அரை மணி நேரம். மைனஸ் நாப்பதுன்னா எவ்வளவு சார்னு ஒருத்தன் கேட்டான். நம்ம ஊர்ல பூஜ்யத்துக்கு வந்தாலே புல்லு வெளுத்துத் தேயிலை கருகிடுதில்ல, அதுக்கும் கீழ இன்னும் நாப்பது படின்னேன். இன்னொரு வாண்டு எழுந்து, அப்ப அது ஷூ போட்டிருக்குமான்னுச்சு. எல்லாம் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. ஆமா, போட்டிருக்குன்னேன். பாதத்துக்கு அடியிலயும் முடி. அதோட, காலுக்கு இறங்குற சூட்டு ரத்தமும் மேல ஏறுற குளிர்ந்த ரத்தமும் ஒட்டி ஒட்டி ஓடுமாமே, இறங்குறது தன் சூட்டை ஏறுறதுக்குக் கொடுத்துட்டுத்தான் பாதத்துக்குப் போகுமாமே, அதையும் சொன்னேன். பாதம் ஜில்லுன்னுதான் இருக்கும், ஆனா உறையாது. உடம்புச் சூடு பனியில வீணாப் போகாது. சயின்ஸ் டீச்சரே நோட்டுல எழுதிக்கிட்டாங்க. என் பொண்ணு சொன்னதுன்னு ரெண்டு தடவை சொன்னேன். மூணா இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட சொன்னா, இங்க ஊளையிடுதே அந்த நரிதானேங்கறா. உன்னோடது வேற ஜாதின்னு பத்து வருஷமாத் திருத்துறேன். அவளுக்கு எல்லாம் நரிதான்.

உன் பத்தாவது அட்லஸ் என்கிட்டதான் இருக்கு. அந்தப் பெண் நரி போன வழியைப் பென்சில்ல போட்டு வெச்சிருக்கேனே, அழியாம இருக்க மேல கண்ணாடித்தாள் ஒட்டினேன். நார்வே போலார் இன்ஸ்டிடியூட்காரங்க இடம் காட்டுற கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட குட்டி. ஒரு வயசுகூட ஆகல. 2018 மார்ச் 26ஆம் தேதி நார்வேயோட ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுல கிளம்பி, உறைஞ்ச கடல் மேலயே ஓடி 21 நாள்ல கிரீன்லாந்து. அங்கேயிருந்து பனிப்பாளத்தைக் கடந்து கனடாவோட எல்ஸ்மியர் தீவு. 76 நாள், 3,506 கிலோமீட்டர். ஒரே நாள்ல 155 கிலோமீட்டர் ஓடியிருக்கு. நான் சர்வீஸ்ல ஒரு நாளைக்கு முப்பது நடந்ததையே பெருமையாப் பேசிட்டிருந்தேன். வழியில என்ன தின்னிருக்கும்னு கேட்டதுக்கு, கடல்பறவையோ, பனிக்கரடி அடிச்சுத் தின்னு மிச்சம் வெச்ச சீல் மிருகமோ இருக்கும்ன. புலி அடிச்ச கடமானைப் பாத்துக்கிட்டு நம்ம நரி தூரத்துல உக்காந்திருக்குமே, அது மாதிரி.

நீ கிளம்பினப்ப, பொட்டப் பிள்ளையைத் தனியா அவ்வளவு தூரமான்னு பெரியப்பா கேட்டார். என்ன பதில் சொன்னேன்னு உனக்கே தெரியும். அதை இன்னிக்கும் மாத்திக்கல.

ஆனா 2019 பிப்ரவரியில அந்தப் பட்டை சத்தமில்லாம நின்னுடுச்சுன்னு சொன்னியே, அதுதான் என் மனசை விட்டுப் போகல. பட்டை நின்னா நரி நின்னுச்சுன்னு அர்த்தமில்லப்பான்ன. சரி. காட்டுல முப்பத்தொரு வருஷம் தடம் பாத்தவன், தடம் மறைஞ்ச இடத்தை விட்டு லேசுல நகர மாட்டான்.

ஆகஸ்ட்ல பேசினப்ப உன் பின்னாடி மஞ்ச விளக்கும் ஜன்னலும் இருந்தது. தீபாவளிக்கு வெள்ளைச் சுவர். ஒரு ஆணிகூட இல்ல. கொக்கியில ஒரே ஒரு கோட்டு. ரூமை மாத்திப் போட்டிருப்பீங்க. வெளிச்சம் நல்லாத்தான் இருந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிட்டார்ப்பான்ன. இங்க காலை ஒன்பதரை. அங்க விடிகாலை ஆறு. சீக்கிரம் போற வேலையா இருக்கும். இப்பல்லாம் இங்க ஏழு மணிக்கு நான் டீ குடிக்கும்போது உன் பேருக்குக் கீழ ஆன்லைன்னு காட்டுது. குளிர்காலத்துக்கு அங்க கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி தள்ளிட்டாங்களே, அங்க ராத்திரி ரெண்டரை.

தூங்கு. சாப்பிடு, தூங்கு. வேற ஒண்ணும் இல்ல.

வேற ஒண்ணு இருக்கு. நரி விஷயம்தான். அது தின்ற லெம்மிங் எலி பெருத்த வருஷம் பத்துக் குட்டிக்கு மேலயும் போடும், எலி இல்லாத வருஷம் ஒண்ணுகூடப் போடாது, அதுல அதுமேல ஒரு தப்பும் இல்லைன்னு ஒரு தடவை சொன்ன. அதை அப்படியே உங்கம்மாகிட்டயும் அத்தைகிட்டயும் சொன்னேன். புரிஞ்சுதோ இல்லையோ, உன்கிட்ட அந்தக் கேள்வியை இனிமே யாரும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். இதை நாலு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

நார்வேயில 1930லயே பனிநரியை வேட்டையாடக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. தோலுக்காக அவ்வளவு அடிச்சிருக்காங்க. எழுபது வருஷம் கழிச்சும் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூணுலயும் சேர்த்து அம்பது அறுபதுக்கு மேல தேறல. சும்மா விட்டா மட்டும் போதாதுன்னு 2005லதான் கூண்டுல வளர்க்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் மலையில விட்டாங்க, தீவனப்பெட்டி வெச்சாங்க. நீ பெட்டியில நாய்த்தீவனம் கொட்டுற போட்டோ ஹால்ல மாட்டியிருக்கு. வர்றவங்க எல்லாம் என் பொண்ணு எங்கேயோ நாய்க்குச் சோறு வெக்கிறான்னு நினைக்கிறாங்க. நான் உக்கார வெச்சு முழுக் கதையும் சொல்லித்தான் அனுப்புறேன்.

குட்டி போட்ட முதல் சில வாரம் தாய் நரி வளையை விட்டு அதிகம் நகராதாம், ஆண் நரிதான் இரையைக் கொண்டுவந்து போடுமாம். செந்நாயும் அப்படித்தான். வயித்துல கொண்டுவந்து குட்டிக்குக் கக்கிக் கொடுக்கும், பலமுறை கண்ணால பாத்திருக்கேன். ஸ்கூல்லயும் இதைச் சொன்னேன். சொல்லிட்டு இருக்கும்போதே நாக்கு ஒட்டிக்கிச்சு. தண்ணி வாங்கிக் குடிச்சேன்.

நீ ஏழாவது படிச்ச வருஷம் நீயும் அம்மாவும் பந்தலூர்ல ஏழு மாசம் இருந்தீங்க. ஆயாவுக்குக் கால் முறிஞ்சதுன்னு ஊருக்குச் சொன்னோம். ஆயா கால் நல்லாத்தான் இருந்தது, மலையேறித் தேயிலை பறிச்சுட்டுதான் இருந்தாங்க. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்கு. லீவு இல்லை, அதான் வந்து கூப்பிட முடியலைன்னு இத்தனை வருஷமாச் சொல்றேன். லீவு இருந்தது. மேலதிகாரியே போய்ட்டு வாய்யான்னார். ஒரு சனிக்கிழமை கிளம்பியும் வந்தேன். ஊட்டியில பஸ் ஏறினப்பக் குடிக்கல. கூடலூர்ல இறங்கினப்பவும் குடிக்கல. பந்தலூர் பஸ் உறுமிக்கிட்டு நின்னது, கண்டக்டர் ரெண்டு தடவை கூப்பிட்டார். ஆயா வாசல்ல உக்காந்திருப்பாங்க, என்ன சொல்லி முன்னாடி நிக்கிறதுன்னு யோசிச்சேன். பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ்ஸும் போச்சு. அதுக்கப்புறம்தான் குடிச்சேன்.

உனக்கு வாங்கின ஜியாமெட்ரி பாக்ஸ் அன்னிக்குப் பையில இருந்தது. நீங்க திரும்பி வந்ததும் ஊட்டியில வாங்கினேன்னு கொடுத்தேனே, அது கூடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில வாங்கினது. நாலு மாசம் காட்டு ஷெட்டுல என் தகரப்பெட்டிக்குள்ள கிடந்தது. புதுசுக்கு எப்படிப்பா காம்பஸ் துருப் பிடிக்கும்னு கேட்ட. ஊட்டி ஈரம்னேன்.

உங்கம்மா தானாத்தான் வந்தா. கதவைத் திறந்தது மட்டும்தான் நான் செஞ்சது. குடியை விட்டது அதுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சு.

டீச்சர் கேட்டா ஆயாவுக்குக் காலுன்னு சொல்லுன்னு உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை கண் இமைக்காம அதைச் சொன்னதைப் பக்கத்துல நின்னு பாத்தேன். பரவாயில்ல, சமாளிச்சுட்டான்னு சந்தோஷப்பட்டேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிட்டார்ப்பான்னு தீபாவளி அன்னிக்கு நீ சொன்னப்ப அதே முகம்.

நான் ஒண்ணும் கேக்கல மலரு. கேக்குற யோக்கியதை இருக்கான்னு தெரியல.

உன் ரூம்ல உருளைக்கிழங்கு மூட்டை போட்டு வெச்சிருந்தோம். போன வாரம் எடுத்துட்டுக் கூட்டி, கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டாச்சு. காரணம் ஒண்ணும் இல்ல, எலி வருது. உன் நரி வளைக்கு அம்பது நூறு வாசல்கூட இருக்கும், பாட்டன் பூட்டன் காலத்து வளையிலயே இன்னும் குட்டி போடும், சுத்தி எல்லாம் மொட்டையாக் கிடந்தாலும் வளை மேல மட்டும் பச்சைப் பசேல்னு புல்லு இருக்கும்னு போட்டோ அனுப்பினியே. நம்ம வீட்டுக்கு இருக்கறது ஒரே வாசல்தான். அதுவும் மழைக்கு ஊறி இறுகிக்கிடக்கு. பலமாத் தள்ளணும்.

பார்சல்ல பூண்டு ஊறுகாய் ரெண்டு பாட்டில், வர்க்கி ஒரு பாக்கெட். வர்க்கி வந்து சேர்றதுக்குள்ள தூளாயிடும், ஸ்பூன்ல தின்னுக்க. பெட்டியை இன்னும் ஒட்டல. நேத்து ராத்திரி சாம்பல் சாக்ஸை வெளியே எடுத்து பீரோவுல வெச்சேன். காலையில பாத்தா அது திரும்பப் பெட்டிக்குள்ள இருக்கு. உங்கம்மா ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல.

ஒரு ஜோடியா, ரெண்டு ஜோடியான்னு மட்டும் எழுது. வேற எதுவும் இப்ப எழுத வேண்டாம். அதுக்கப்புறம் ஒட்டிக்கிறேன்.

மீனெண்ணெய் மறக்காத.

அப்பா