நீ போனில் கேட்டதற்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "நீங்க வீடு கட்டி உட்கார்ந்தாச்சு, மத்தவங்க கட்டக் கூடாதாம்மா?" என்று கேட்டாயே, குக்கர் விசில் அடிக்குது என்று சொல்லி வைத்துவிட்டேன். விசிலெல்லாம் அடிக்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

நீ கிரிக்கெட் ஆடிய அந்த நாலு ஏக்கரில் ஃப்ளாட் கட்டக் கேட்டிருக்கிறார்கள், அதைப்பற்றி நான் மனு எழுதுவதுதான் விஷயம். போன மாதம் பேப்பரில் உள்ளங்கை அளவு ஒரு அறிவிப்பு: முடிச்சூர் கிராமம், இன்னின்ன சர்வே எண்கள், விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்றக் கேட்டிருக்கிறார்கள், ஆட்சேபணை இருந்தால் சிஎம்டிஏவுக்கு, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு, எழுதலாம். வெறும் சர்வே எண்ணைப் போட்டால் யாருக்கு எந்த இடம் என்று தெரியும்? முப்பது வருஷம் தாலுகா ஆபீசில், எந்த சர்வே எண் என்ன நிலம் என்று சொல்கிற அ-பதிவேட்டைப் புரட்டியவள் என்பதால் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நிலத்தின் அளவுக்கோடுகள் இருக்கிற புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த நாலு ஏக்கரின் குறுக்கே தலைமுடி மாதிரி இரட்டைக்கோடு ஓடுகிறது, பதிவேட்டில் அதற்கு நேராக 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கிறது. நேரில் போனால் ஆகாயத்தாமரையும் பழைய சோபா ஒன்றும்தான் கிடக்கின்றன.

2015 டிசம்பரில் டிவியில் எல்லோரும் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்றார்களே, அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், நமக்குக் கீழே. நம் ஹாலில் ஸ்விட்ச் போர்டு வரைக்கும் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி. ஏரிகள் நிரம்பி வருகிற தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாகப் போகவேண்டுமோ அதை அடைத்துவிட்டால் தெரு வழியாகத்தான் போகும். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அப்பா மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார், ஞாபகம் இருக்கிறதா?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நம் மனையும் நஞ்சைதான். 1994-ல் வாங்கும்போது 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்றார்கள், நாங்களும் தலையாட்டினோம். ரெவின்யூவில் வேலை பார்த்த எனக்கு அது செல்லாது என்று தெரியாதா? தெரியும். கையில் இருந்த பணத்துக்கு அதுதான் கிடைத்தது. 2017-ல் அனுமதியில்லாத மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தபோதுதான் பணம் கட்டிச் சரிசெய்தோம். அதனால் 'விவசாய நிலத்தைக் காப்போம்' என்று பேனர் பிடிக்க எனக்கு யோக்கியதை இல்லை, அந்த நாலு ஏக்கரில் நெல் விளைந்தே இருபது வருஷம் ஆகிறது.

போன வாரம் எதிர்வீட்டு மாடியில் கூட்டம் போட்டார்கள். ஒருவருக்கு லாரித் தண்ணீர் விலை ஏறிவிடும் என்ற பயம், ஒருவருக்கு வெயில் மறையுமாம். இன்னொருவர் 'ஃப்ளாட்டில் யார் யாரோ வருவாங்க' என்றார், எனக்கு எரிச்சலாக வந்தது. அவரும் எங்கிருந்தோ வந்தவர்தானே. பக்கத்து நிலத்துக்காரர் காபி மட்டும் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போனார். இது மாறினால் அடுத்து தன் நிலமும் மாறும் என்ற கணக்கு. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து இந்தப் பக்கம் எல்லோருக்கும் அதே கணக்குதான்.

நான் கட்டவே கூடாது என்று எழுதவில்லை. கீழே கார் நிறுத்துகிற ஸ்டில்ட்டும் அதற்குமேல் ஐந்து மாடியும் வரட்டும், உன் மாதிரி வாடகை கொடுத்துத் தேய்கிற பிள்ளைகளுக்கு வீடு வேண்டாமா? என் மனுவில் இரண்டே விஷயம். ஒன்று, சர்வேயர் வந்து வாய்க்காலை அளந்து கல் நட்ட பிறகுதான் மண்டலத்தை, அதாவது நில உபயோகத்தை, மாற்றவேண்டும். இரண்டு, பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம் என்றால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டுத் தானமாக எழுதிக்கொடுக்கவேண்டும் என்பது விதி. நாலு ஏக்கர் பதினாறாயிரம் சதுர மீட்டருக்கு மேல் வருகிறது, உள்சாலையைக் கழித்தாலும் முப்பது சென்ட்டுக்குக் குறையாது. வழக்கமாக அதைக் கோணலான ஏதாவது மூலையில் தள்ளிவிட்டு ஒரு ஊஞ்சலைப் போட்டுவிடுவார்கள். அப்படி இல்லாமல் அதை வாய்க்கால் கரையோரமாக நீளவாக்கில் விடச்சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை குடியிருப்பு மண்டலம் என்று அரசிதழில் வந்துவிட்டால், அப்புறம் பிளான் அனுமதி நேரத்தில் நம்மை யார் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்கள்?

கூட்டத்தில் இதைச் சொன்னேன். 'மேடம் பில்டர் பக்கம் பேசுறாங்க' என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா எழுந்தார், நான் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தேன். கடைசியில் அவர்கள் மனு தனி, என் மனு தனி. என்னுடையதில் பதினோரு கையெழுத்து.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. புலப்படத்தை ஜெராக்ஸ் எடுத்தால் அந்த இரட்டைக்கோடு மட்டும் விழவே மாட்டேன் என்கிறது. மூன்று கடையில் பார்த்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறேன், கம்ப்யூட்டரில் கோடு தெரிகிற மாதிரி கொஞ்சம் கறுப்பாக்கி, பெரிதாக்கி அனுப்பு. கோட்டை நகர்த்திவிடாதே, அளவு மாறக்கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் திங்கட்கிழமை எழும்பூர் சிஎம்டிஏ ஆபீசுக்கு நேரில் போய் மனுவைக் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா