ரோஜாக்கள் பூத்துவிட்டன, வாருங்கள்

தோட்ட நண்பர்களுக்கு வணக்கம். பிப்ரவரி கடைசியில் கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிவிட்ட, ரோஜாச் செடிகள் ஏறத்தாழ 50 நாட்களில் மொட்டுவிட்டு, இப்போது ஒன்றாகப் பூத்திருக்கின்றன. கோத்தகிரியின் ஏப்ரல் குளிர் அவற்றுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வரும் ஞாயிறு காலை 7 மணி முதல் 10 மணி வரை எங்கள் வீட்டுக் கதவு உங்களுக்காகத் திறந்திருக்கும். முடிந்தவரை சீக்கிரம் வாருங்கள். வெயில் ஏறினால் மணம் குறைந்துவிடும்.

வாசலில் முதலில் நிற்பது ‘பீஸ்’. மஞ்சள் இதழ்களின் ஓரத்தில் இளஞ்சிவப்பு ஓடும். பிரான்சின் பிரான்சிஸ் மெய்லாண்ட் உருவாக்கிய இந்த ரகத்துக்கு 1945-இல், போர் முடியும் தறுவாயில், ‘அமைதி’ என்று பொருள்படும் இப்பெயரைச் சூட்டினார்கள். அதன் அருகே நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆண்டு நினைவுக்கு வரும்.

ஆனாலும் என் மனம் பின்கட்டில் இருக்கும் பன்னீர் ரோஜாவிடம்தான். சிறிய பூ, இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். அந்த வாசனைக்கு வேறு எதுவும் ஈடாகாது.

பன்னீர் ரோஜா, எட்வர்டு ரோஜா இரண்டிலும் பென்சில் பருமனில் பதியன் குச்சிகள் வெட்டித் தருகிறேன். ஈரத்துணியும் ஒரு பையும் கொண்டு வாருங்கள். உங்கள் கத்தரிக்கோலைக் கொண்டு வர வேண்டாம். கரும்புள்ளி நோய் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவிவிடக் கூடாது. இலையில் புள்ளியோ, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியோ இருந்தால் படம் எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். சுக்குக் காபி தயாராக இருக்கும்.