நாலு வரிதானே என்பார்கள்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

ஏட்டி மாலதி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை முழுசாகக் கேட்டேன். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே எழுதிப் பிழைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. மீதி முக்கால்வாசியும் உன் தலைமையாசிரியையைத் திட்டியது. போனில் பதில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பாய்வாய், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விட அண்ணியைக் கூப்பிட மாட்டேன் என்கிறாள். அண்ணி ஆபீஸ் போகிறவளாம், நான் வீட்டில் இருக்கிறவளாம். தெருவில் யாருக்குப் பார்சல் வந்தாலும் கூரியர் பையன் எங்கள் வீட்டு மணியைத்தான் அடிக்கிறான். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வேலை இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம் வீட்டாருக்கு மட்டுமல்ல, நம்மிடம் எழுதி வாங்குகிறவர்களுக்கும் இருக்கிறது. இந்தத் தொழிலில் எழுதுவதை நீ சமாளித்துவிடுவாய். அந்த எண்ணத்தோடு தினமும் மல்லுக்கு நிற்பதுதான் பாடு.

கதை எழுதி, சன்மானம் வாங்கிக் குடும்பம் நடத்தலாம் என்ற நினைப்பு இருந்தால் அதை இன்றைக்கே மூட்டை கட்டி வை. பத்திரிகைச் சன்மானத்தில் மாதம் ஒரு காஸ் சிலிண்டர் வாங்கினால் பெரிது. அரிசி பருப்பு வருவதெல்லாம் என் பெயர் எங்கேயும் போடாத எழுத்திலிருந்துதான். கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர், பள்ளி நூற்றாண்டு மலர், நகைக்கடை விளம்பரம், சப்டைட்டில், புது மருந்து சோதனைக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவம் என்று எது வந்தாலும் செய்கிறேன். அந்தப் படிவம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. நான் தமிழில் எழுதியதை, மூல ஆங்கிலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்காவது பொருள் பிசகியிருந்தால் எனக்குத் திருப்பி அனுப்புவார்கள். உன் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது மலர் வேலைதான். போன வருஷம் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவருக்குச் சதாபிஷேகம். பிள்ளைகள் மலர் போட நினைத்து என்னைப் பிடித்தார்கள். காலையில் குளித்துத் திருநீறு பூசி, இட்லி சாப்பிட்டு, பதினொரு மணி வாக்கில் ஊஞ்சலில் உட்கார்ந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். துணி மூட்டையைப் பஸ் கூரையில் ஏற்றி அம்பாசமுத்திரம், கடையம் என்று போய், வீடு வீடாகத் தவணைக்குச் சேலை விற்றதையெல்லாம் சொல்லுவார். எந்த ஊரில் யார் எத்தனை ரூபாய் பாக்கி என்பது இன்னும் அவர் வாயில் இருக்கிறது. தம்பி பேச்சு வந்தால் மட்டும் "அது கிடக்கட்டும்" என்று வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவிடுவார்.

மூத்த மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பா பேரு எங்கயும் வரக்கூடாது மேடம், கேஸ் நடந்த குடும்பம்" என்றார். சரியென்று தலையாட்டினேன். பணம் கொடுக்கிறவர் அவர்தானே. கடைசிப் புரூஃப் படித்துக் காட்டப் போனபோது பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "முதல் கடையில கல்லாவுல உக்காந்தது யாருன்னு இதுல இல்லையே" என்றார். மகன் பக்கத்தில்தான் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகனே, "ஒரு வரி போட்டுருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போட்டேன். மலரிலேயே நல்ல வரி அதுதான், பெரியவர் சொன்னபடியே.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். ஆர்ட் பேப்பர், பல வண்ண அச்சு, கெட்டி அட்டை எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பம் முகம் சுளிக்காமல் பணம் கட்டியது. எனக்குத் தர வேண்டிய பாக்கியைக் கேட்டபோது, "எழுத்து நாலு வரிதானே மேடம், பூரா படம்தானே" என்று ஒரு பேச்சு வந்தது. நல்லவர்கள்தான், பிறகு கொடுத்தும்விட்டார்கள். காகிதத்துக்கு விலை உண்டு என்று தெரிகிறது, மூன்று மாதம் எதிரே உட்கார்ந்து கேட்டதற்கு விலை உண்டு என்று தெரிவதில்லை, அவ்வளவுதான். பாதிப் பணம் முன்னாலேயே வாங்கியிருந்ததால் எனக்குத் தூக்கம் கெடவில்லை. நீயும் அப்படியே செய். முன்பணம் வராமல் முதல் வரியை எழுதாதே, கேட்கிறவர் உன் மாமியார் வழிச் சொந்தமாக இருந்தாலும்.

அச்சகத்துக்கு யூனிகோடில் கொடுத்தால் அங்கே பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றியதும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். முழுப் புத்தகத்தையும் மறுபடி படிக்க வேண்டியிருக்கும். அதையும் சேர்த்தே கூலி பேசு.

மொழிபெயர்ப்பில் வேறு கணக்கு. எனக்கு ஒரு சொல்லுக்கு ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் வரை கிடைக்கிறது. எந்தச் சொல் என்று முதலிலேயே கேட்டுக்கொள். ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் இருந்தால் தமிழில் எழுநூற்றைம்பதுகூடத் தேறாது. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்வதைத் தமிழ் வாத்திச்சிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்ச் சொல்லை எண்ணிக் காசு தருகிறவரிடம் நாலில் ஒரு பங்கு கூலி காணாமல் போகும். மூலத்தை எண்ணித்தான் பில் போட வேண்டும்.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பக்கம் காற்று மாறிவிட்டது, அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. இப்போது ஏஜென்சிகள் மெஷின் மொழிபெயர்த்ததை அனுப்பி, திருத்திக் கொடு, பாதிக் கூலி என்கிறார்கள். பார்க்கத் தமிழாகத்தான் இருக்கும். படித்தால் எல்லாம் செய்யப்பட்டு, கொடுக்கப்பட்டு, எதிர்பார்க்கப்பட்டு நிற்கும். நல்லபடியாகத் திருத்தப் புதிதாக எழுதும் நேரமே பிடிக்கிறது. கடைகளுக்கு எழுதும் சின்னச் சின்னக் குறிப்பு வேலைகள் எனக்கு அநேகமாக நின்றேவிட்டன. ஊஞ்சலுக்கு எதிரே போய் உட்கார்ந்து கேட்டு எழுதும் வேலை மட்டும் குறையவில்லை, கூடியிருக்கிறது. அதனால்தான் உன்னை அந்தப் பக்கம் இழுக்கிறேன்.

பணம் வந்து சேருவதைப் பற்றி நீ ஒன்றுமே கேட்கவில்லை. மாதக் கடைசியில் சம்பளம் விழுந்தே பழகியவர்கள் யாரும் கேட்பதில்லை. கம்பெனிகள் "அடுத்த வாரம் போட்டுடுறோம்" என்றே ஓட்டும். ஆதார், பான் வைத்து, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துவிடு. இலவசம்தான், காசு கேட்கிற இணையதளம் எதற்குள்ளும் போகாதே. சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளைக்குள் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி என்று 2006-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நான் புகார் வரை போனதில்லை. பில்லின் அடியில் பதிவு எண்ணையும் அந்த 45 நாளையும் ஒரு வரியில் போட்டு அனுப்புகிறேன். அதைப் போட ஆரம்பித்த பிறகு அக்கவுண்ட்ஸ் ஆட்கள் போனை எடுக்கிறார்கள்.

கம்பெனிகள் பெரும்பாலும் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தரும். உன் பான் எண்ணில் அது வரவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். நம் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லாவிட்டால், கணக்குத் தாக்கல் செய்ததும் திரும்ப வரும். அந்தப் பணம் எனக்கு ஒவ்வொரு வருஷமும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கோ பேரீச்சம்பழத்துக்கோ ஆகிறது. வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அந்தக் கவலை நம் இருவருக்கும் இந்தப் பிறவியில் இல்லை.

நீ எழுதிக் கொடுத்தது யாருக்குச் சொந்தம் என்பதையும் தெரிந்துகொள். சம்பளத்துக்கு இருந்து எழுதினால் முதலாளிக்கு. வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தால், எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காதவரை பதிப்புரிமை பொதுவாக உன்னுடையதுதான். மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக" என்று அச்சடித்த தாளை நீட்டினால், அதற்கு ஒரு விலை சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடு.

இன்னொன்று, வேலையை விட்டால் பள்ளியின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். உனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம் என்பது விதி. ஆகவே ராஜினாமா எழுதும் முன்பே தனியாக ஒரு பாலிசி எடு. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. பி.எஃப். பணத்தைத் தொடாதே, அத்தான் கேட்டாலும்.

"வீட்டிலிருந்தே டைப்பிங், பக்கத்துக்கு இத்தனை ரூபாய், முதலில் பதிவுக் கட்டணம்" என்று உன் தங்கை மகள் அனுப்பியதாகச் சொன்னாயே, அதைத் தூக்கிப் போடச் சொல். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் காசு கேட்க மாட்டான். ஏற்கெனவே கட்டியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடட்டும்.

கூலிக்கு எழுதி எழுதிக் கதை எழுதுகிற கை கெட்டுப்போகுமா என்றும் கேட்டாய். எனக்கு அப்படி ஆகவில்லை. அந்தப் பெரியவர் பேச்சைக் கேட்டு எழுதிய பிறகுதான் என் கதைகளில் ஆட்கள் ஆட்களைப் போலப் பேச ஆரம்பித்தார்கள். நேரம்தான் தட்டுப்பாடு. மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்களே, அன்றைக்குத்தான் நோட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்காருகிறேன். போன வாரம் பேப்பரில் எங்கள் ஏரியா பெயரைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் அபிப்பிராயம் இதுதான்: இந்தக் கல்வியாண்டு முடியும்வரை விடாதே. சனி ஞாயிறில் இரண்டு வேலை எடுத்துப் பார். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் சேர்ந்த பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வா. உன் பள்ளியில் மே மாதச் சம்பளம் தருவார்கள் என்றால் அதையும் வாங்கிக்கொண்டே வா.

முதல் வேலை தயாராக இருக்கிறது. நம்ம சாரா டக்கர் காலேஜ் நாட்களில் உடன் படித்த ஒருத்தியின் மாமனார் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தாம்பரத்தில் உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சுயசரிதை எழுத ஆள் தேடுகிறார். நான் இங்கிருந்து வந்துபோக முடியாது. உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். போய் ஒருமணி நேரம் பேச்சைக் கேட்டு, இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் கூலி எவ்வளவு கேட்பது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அவரிடம் தொகை எதுவும் வாய்விட்டுவிடாதே.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்,
கோமதி